விரிகுளம்பும் பேய்க்காலும்: ஒரு சொற்பொருள் ஆய்வு

ஐரோப்பிய நாட்டுப்புற வழக்காறுகளையும் சமயக் குறியீடுகளையும் விளக்கும் பொதுநூல்களில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. பிளவுபட்ட குளம்புடைய விலங்குகள் சாத்தானுக்கு உரியனவாகக் கருதப்பட்டன என்பதே அக்கூற்று. இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் காட்டப்பெறும். விவிலியத்தில் அதற்கு அடிப்படை உண்டு என்பது ஒன்று. கிரேக்கர் வணங்கிய ஆட்டுக்கால் தெய்வமான பானைக் கிறித்தவத் திருச்சபை சாத்தானாக மாற்றிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் எளிதில் நம்பத்தக்கனவாக உள்ளன. அதனாலேயே ஆராயப்படாமல் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. மொழிச்சான்றுகளை வைத்து நோக்கும்போது முதற்காரணம் ஏறக்குறையத் தலைகீழானது என்பதும், இரண்டாவது பாதி உண்மை என்பதும் புலனாகின்றன. உண்மையான காரணம் பெரும்பகுதி மொழிபெயர்ப்பின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

முதலில் 'பிளவுபட்ட குளம்புடைய விலங்குகள்' என்னும் தொகுப்பையே ஐயுற வேண்டும். மாடு, செம்மறி, வெள்ளாடு, மான், பன்றி ஆகிய அனைத்தும் இத்தொகுப்பில் அடங்குவன. ரிச்சர்டு ஓவன் 1848இல் இரட்டைப்படை விரல்களையுடைய குளம்பிகள் என ஒரு வரிசையை வகுத்தபோது இவற்றை ஒருங்கே வைத்தார். அது விலங்கியலார் செய்த தொகுப்பு, நம்பிக்கையாளர் செய்ததன்று. கிறித்தவ ஓவியத்தில் லூக்காவின் சின்னம் இறக்கையுடைய எருது. கிறித்துவே ஆட்டுக்குட்டியாக உருவகிக்கப்படுகிறார். பிறப்புக் காட்சியில் மாட்டுக்குத் தொழுவத்தில் இடமுண்டு. இவை யாவும் பிளவுபட்ட குளம்புடையனவே. குளம்பின் பிளவில்தான் பேய்த்தன்மை உறைகிறது என்றால் இச்சின்னங்கள் தோன்றியிருக்க முடியாது. பேய்த்தன்மை ஏறியது வெள்ளாட்டின்மீது, ஓரளவு பன்றியின்மீது. மாற்கு நற்செய்தியில் பேய்கள் புகுந்து கடலில் பாய்ந்த பன்றிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் எனக் கூறப்படுகிறது. ஆயினும் சாத்தானின் காலாக ஓவியர்கள் பன்றிக்காலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'பிளவுக்குளம்பு ஏன் பேய்த்தன்மை பெற்றது' என்பதன்று. 'வெள்ளாட்டின் தன்மை ஏன் அதன் குளம்பால் மட்டும் குறிக்கப்பட்டது' என்பதேயாகும்.

தூய்மையின் அடையாளம்

விவிலியத்தில் பிளவுபட்ட குளம்பைப் பற்றிய தெளிவான விதி லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரத்திலும் உபாகமத்தின் 14ஆம் அதிகாரத்திலும் உள்ளது. குளம்பு பிளவுபட்டிருத்தல், அசைபோடுதல் ஆகிய இரண்டும் உள்ள விலங்கே உண்ணத்தக்கது. ஒன்று குறைந்தாலும் தூய்மையற்றது. ஒட்டகம் அசைபோடும், ஆனால் விதியின்படி குளம்பு பிளவுபட்டதன்று. பன்றிக்குக் குளம்பு பிளவுபட்டிருக்கிறது, அசைபோடுவதில்லை. இவ்விதியில் பிளவு இழுக்கன்று, தகுதி. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல் இதற்கு 'விரிகுளம்பு' என்னும் அழகிய சொல்லை ஆண்டுள்ளது. பிளவு என்பதில் ஒலிக்கும் குறைபாட்டுப் பொருள் இச்சொல்லில் இல்லை. மலர்தல், அகலுதல் என்னும் பொருள்களே முன்னிற்கின்றன. மூலத்தின் மதிப்பீட்டை அது சரியாகவே பற்றியுள்ளது.

இவ்விதிக்குப் பின்வந்தோர் கூறிய உட்பொருள்களும் இதனை உறுதிசெய்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகப் பலரும் கருதும் அரிஸ்தேயாவின் மடல், குளம்பின் பிளவைப் பகுத்தறியும் ஆற்றலின் குறியீடாகக் கொள்கிறது. நல்லதையும் தீயதையும் பிரித்துணர்ந்து ஒவ்வொரு செயலையும் செய்ய வேண்டும் என்பது அதன் விளக்கம். தொடக்ககாலக் கிறித்தவ நூலான பர்னபாவின் மடல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நீதிமான் இவ்வுலகில் நடந்துகொண்டே வரவிருக்கும் உலகையும் எதிர்நோக்குகிறான். அவ்விருமையே பிளவுபட்ட குளம்பு எனக் கொள்கிறது. கிறித்தவம் தோன்றிய காலத்தில் விரிகுளம்பு நீதிமானின் காலாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

யூத மரபில் மற்றொரு சுவையான கருத்து உண்டு. ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய விளக்கநூலான பெரேஷித் ரப்பா ஏசாவைப் பன்றியோடு ஒப்பிடுகிறது. பன்றி படுக்கும்போது தன் குளம்புகளை முன்னே நீட்டித் தான் தூயது என்று காட்டிக்கொள்வதாக அவ்வுவமை அமைகிறது. வெளித்தோற்றத்தில் நேர்மையும் உள்ளே அநீதியும் கொண்ட ஆட்சிக்கு அது எடுத்துக்காட்டு. இங்கே பன்றி குளம்பை மறைக்கவில்லை, காட்டுகிறது. தீயது தன்னைத் தூயதாகக் காட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் சான்றிதழ் குளம்பு. பிற்கால ஐரோப்பியக் கதைகளில் சாத்தான் தன் குளம்பைக் காலணிக்குள் மறைக்கிறான், வெளிப்பட்டால் அகப்பட்டுக்கொள்வான். ஒரே உறுப்பு, ஒரே வஞ்சகக் கருத்து; குறியீட்டின் திசை மட்டும் முற்றிலும் மாறியிருக்கிறது. இம்மாற்றம் எங்கே நிகழ்ந்தது?

ஒரு சொல்லும் அதன் பெயர்ப்புகளும்

எபிரேய மொழியில் 'சாயிர்' என்பது மயிர் அடர்ந்தது என்னும் பொருளுடைய சொல். அதன் பன்மை 'சேயிரிம்'. மயிரடர்ந்த மனிதனாகிய ஏசாவைச் சுட்டவும் இச்சொல் ஆளப்படுகிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் வெள்ளாட்டுக்கடாவைக் குறிக்கும். பாவநிவாரண நாளில் கொண்டுவர வேண்டிய இரண்டு கடாக்களை லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரம் இச்சொல்லாலேயே சுட்டுகிறது. அடுத்த அதிகாரத்தில், 17:7இல், மக்கள் இனிமேல் பலியிடக்கூடாத வழிபடுபொருள்களுக்கும் இதே சொல் வருகிறது. இரண்டாம் நாளாகமம் 11:15இல் யெரொபெயாம் இவற்றுக்குப் பூசாரிகளை ஏற்படுத்தியதாகச் செய்தி உள்ளது. ஏசாயா 13:21, 34:14 ஆகிய இடங்களில் பாழடைந்த நகரங்களில் இவை திரிகின்றன. அங்குச் சுட்டப்படுவன உண்மையான காட்டாடுகளா, ஆட்டுருவான ஆவிகளா என்பதை எபிரேயச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை. பிரிக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரின் தலையில் விழுந்தது.

அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகப் பிரித்தனர். கிரேக்கச் செப்துவசிந்தம் லேவியராகமத்தில் 'வீணானவை' என்றது. ஏசாயா 13இல் 'தைமோனியா' என்றது. எரோணிமுவின் இலத்தீன் பெயர்ப்பு லேவியராகமத்தில் பேய்களைக் குறிக்கும் சொல்லையும், ஏசாயாவில் 'பிலோசி', அதாவது மயிரடர்ந்தவை, என்னும் நேர்ச்சொல்லையும் ஆண்டது. லூத்தர் லேவியராகமத்தில் 'வயற்பேய்கள்' எனப் பொருள்படும் செர்மானியத் தொகைச்சொல்லைப் பயன்படுத்தினார். 1611இல் வெளிவந்த ஜேம்சு மன்னர் ஆங்கிலப் பெயர்ப்பில் லேவியராகமத்துச் சேயிரிம் பேய்களாயின. ஏசாயாவின் சேயிரிம் கிரேக்கப் புராணத்து ஆட்டுக்கால் மனிதர்களான சாட்டிர்களாயின. 1885இன் திருத்திய ஆங்கிலப் பெயர்ப்பு லேவியராகமத்தில் மீண்டும் கடாக்களுக்கே திரும்பியது. இவற்றுள் 1611இன் தேர்வே மிகுந்த விளைவை உண்டாக்கிற்று. எபிரேயப் பாலைநிலத்தின் மயிரடர்ந்த உயிர் ஒன்றுக்குக் கிரேக்கக் காட்டுத்தெய்வத்தின் காலை அது ஒட்டவைத்தது. ஒரே நூலில் ஒரே சொல் ஓரிடத்தில் பேயாகவும் மற்றோரிடத்தில் சாட்டிராகவும் நின்றமையால், மூலமொழி அறிந்த ஒருவன் இரண்டையும் ஒன்றெனக் கூறுவது எளிதாயிற்று.

தமிழ்ப் பெயர்ப்பின் நிலை இங்குத் தனியே நோக்கத்தக்கது. புரொட்டஸ்டண்டுத் திருச்சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலில் லேவியராகமம் 16இல் 'வெள்ளாட்டுக்கடா', 17இல் 'பேய்', ஏசாயாவில் 'காட்டாடு' என ஒரே எபிரேயச் சொல் மூன்று தமிழ்ச் சொற்களாகப் பிரிந்துள்ளது. இரண்டாம் நாளாகமத்திலும் 'பேய்' என்பதே வருகிறது. தமிழில் பேய் என்னும் சொல்லுக்கு ஆட்டோடு எத்தொடர்பும் இல்லை. களத்தில் கூத்தாடுவது, பரணியில் கூழ் அடுவது, காரைக்காலம்மையாரும் ஓர் ஆழ்வாரும் விரும்பிச் சூடிய பெயர் என அதன் பொருட்புலம் வேறு. தமிழ்ப் பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பதே நாட்டார் நம்பிக்கை; குளம்பு இருக்க இடமேயில்லை. எனவே 16ஆம் அதிகாரத்துக் கடாவும் 17ஆம் அதிகாரத்துப் பேயும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லாமற் போயிற்று. இது ஒருவகையில் இழப்பு. கடா வழிபாட்டைக் கண்டிக்கும் ஒரு வசனம் பேய் வழிபாடு முழுவதையும் கண்டிப்பதாக விரிந்துவிடுகிறது. அவ்விரிவு கிராமத் தெய்வ வழிபாட்டின்மீது பாயும் வசையாகவும் எளிதில் மாறத்தக்கது. மற்றொரு வகையில் நன்மை: ஆட்டின்மீது பழி ஏறவில்லை.

அதே 16ஆம் அதிகாரத்தில் அசாசேலுக்கென்று பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் கடாவைத் தமிழ்ப் பெயர்ப்பு 'போக்காடு' என்கிறது. அசாசேல் என்பது ஆவியின் பெயர் என்று கொள்வாரும், அனுப்பப்படும் ஆட்டையே குறிக்கும் எனக் கொள்வாரும் உண்டு. செப்துவசிந்தமும் எரோணிமுவும் இரண்டாம் வழியில் சென்றனர். டிண்டேல் 1530இல் இதற்கென ஆக்கிய ஆங்கிலச் சொல்லே பிறர் பழியைச் சுமப்பவன் என்னும் பொருளில் இன்று உலகெங்கும் வழங்குகிறது. தமிழ்ச் சொல்லும் அவ்வழியைப் பின்பற்றியதே. போக்கு, ஆடு எனப் பிரித்தால் போக்கிவிடப்படும் ஆடு. சாக்காடு, நோக்காடு, வேக்காடு போன்ற தொழிற்பெயர்களோடு வைத்தால் போதல் என்னும் பொருளும் தோன்றும். திட்டமிட்டோ தற்செயலாகவோ அமைந்த இவ்விருபொருள் டிண்டேலின் சொல்லில் இல்லாதது.

எரோணிமுவும் பிரௌனும்

சேயிரிமைப் பேய்கள் என்று பெயர்த்த எரோணிமுவே துறவி பவுலின் வரலாற்றை நான்காம் நூற்றாண்டில் எழுதியவர். அதில் அந்தோணியார் பாலைநிலத்தில் பவுலைத் தேடிச் செல்லும் வழியில் கொம்பும் ஆட்டுக்காலும் உடைய சிற்றுருவம் ஒன்றைக் காண்கிறார். அது அவருக்குப் பேரீச்சம்பழங்களைக் கொடுக்கிறது. தானும் இறப்புக்குரிய உயிரே என்றும், புறவினத்தார் தன் இனத்தையே தெய்வமாக வணங்கி ஏமாந்தனர் என்றும் சொல்லித் தன் இனத்துக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்கிறது. அந்தோணியார் கண்ணீர் வடிக்கிறார். ஆட்டுக்கால் உடையது யாவும் பேய் என்பது எரோணிமு அறியாத கருத்து.

இதே நிகழ்ச்சியை ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன் எடுத்தாள்கிறார். 1646இல் முதற்பதிப்பு வெளிவந்த 'சூடோடாக்சியா எப்பிடெமிகா' மக்களிடையே வழங்கும் தவறான நம்பிக்கைகளை ஆராயும் பெருநூல். சாத்தான் பிளவுபட்ட குளம்போடு தோன்றுகிறான் என்பது நகைப்புக்குரியதே என்று தொடங்கும் பிரௌன், அதில் சிறிது உண்மையும் இருக்கலாம் என்கிறார். அவன் அடிக்கடி ஆட்டுருவில் தோன்றினான் என்பதே அடிப்படை. அந்தோணியார் கண்டதும் அவ்வுருவே. வேதத்தில் பேய்கள் என்று பெயர்க்கப்பட்ட சொல் மூலத்தில் மயிரடர்ந்த ஆடுகளையே குறிக்கிறது. இப்படிச் செல்கிறது அவருடைய வாதம். சொல்லாராய்ச்சியில் பிரௌன் கூர்மையானவர். சிக்கலின் முடிச்சு எபிரேயச் சொல்லில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் அதிலிருந்து அவர் சென்ற வழி எதிர்த்திசை. பேய் என்னும் பெயர்ப்பு ஐயத்துக்குரியது என முடிவுகட்டாமல், பெயர்ப்பும் மூலமும் இரண்டும் சரி, ஆகவே பேய் ஆடாகத் தோன்றியது என்று முடிவுகட்டினார். வேண்டுதல் கேட்ட எளிய உயிரும் இவ்வாதத்தில் சாத்தானாகிவிட்டது. மூடநம்பிக்கையைக் களையப் புகுந்த நூலே அதற்கு மொழியியல் ஆதாரம் தேடித்தந்தது.

பான் கொள்கையின் எல்லை

பானிடமிருந்தே சாத்தான் கொம்பும் காலும் பெற்றான் என்னும் கொள்கையில் ஒரு பகுதி மறுக்கத்தக்கதன்று. பான் இறந்தான் என்று புளூட்டார்க் கூறிய கதையை எடுத்துக்கொண்டு அவனைப் பேய்களுள் ஒருவனாக வைத்து எழுதியவர் யூசேபியு. சாத்தான் என்னும் கருத்தின் வரலாற்றை 1977 முதல் 1986 வரை நான்கு நூல்களாக எழுதிய ஜெஃப்ரி பர்ட்டன் ரசலும் பானின் உருவத்துக்கு இடமளிக்கிறார். சிக்கல் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் உள்ளது. இராவென்னாவின் புதிய புனித அப்பொலினாரே கோயிலில் ஆறாம் நூற்றாண்டு மணிக்கல் ஓவியம் ஒன்று செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் மத்தேயு 25ஆம் அதிகாரக் காட்சியைக் காட்டுகிறது. வெள்ளாடுகளின் பின்னே நீலநிற வானதூதர் ஒருவர் நிற்கிறார். அவரே சாத்தானின் மிகப் பழைய உருவம் எனக் கருதுவோர் உண்டு. அவருக்குக் கொம்பில்லை, குளம்பில்லை. அழகிய முகமே உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பெருஞ்சுவடியான கோடெக்ஸ் கிகாசில் முழுப்பக்கச் சாத்தானுக்குக் கொம்புகள் உண்டு; கால்களில் இருப்பன நகங்கள். சாத்தானுக்கு நிலையான உருவமே இல்லை என்பதை லூதர் லிங்க் 1995இல் வெளியிட்ட நூலின் தலைப்பே முகமற்ற முகமூடி என்று சுட்டுகிறது. பானின் கால் நேரே வழிவழியாக வந்தது என்றால் இவ்வளவு தடுமாற்றம் இருக்காது.

அன்றியும், மனிதரல்லாதோரை அவர்களது காலால் அறியலாம் என்னும் நம்பிக்கை பானை அறியாத இடங்களிலும் உண்டு. பாபிலோனியத் தல்மூது, படுக்கையைச் சுற்றிச் சாம்பல் தூவினால் காலையில் சேவலின் கால்தடம்போல் பேய்களின் தடம் தெரியும் என்கிறது. வட இந்தியச் சுடைலுக்குப் பாதம் பின்புறம் திரும்பியிருக்கும். செர்மானியச் சாத்தானுக்கு வாய்த்தது குதிரைக்கால். அது பிளவுபடாத ஒற்றைக் குளம்பு. 1808இல் வெளிவந்த கேத்தேயின் 'ஃபாஸ்ட்' முதற்பகுதியில் சூனியக்காரி மெஃபிஸ்டோஃபிலிசை அறிந்துகொள்ளத் தவறுவதற்குக் காரணம், அவனிடம் குதிரைக்கால் தென்படாமையே. செர்மானிய மொழியில் குதிரைக்கால் உடையது என்றால் மறைவான குறை உடையது எனப் பொருள். ஆங்கிலத்தில் பிளவுக்குளம்பைக் காட்டுதல் என்றால் தீய இயல்பை வெளிப்படுத்துதல். ஒரே கருத்துக்கு ஒரு மொழி பிளவுபட்ட குளம்பையும் அண்டை மொழி பிளவுபடாத குளம்பையும் தேர்ந்துள்ளமை, பிளவு இங்கு அடிப்படையன்று என்பதைக் காட்டுகிறது. அடிப்படையானது கால், உடையாலும் பேச்சாலும் முகத்தை மாற்றலாம், நடையை மாற்ற முடியாது என்னும் எண்ணம். 'ஒதெல்லோ' நாடகத்தின் இறுதியில் இயாகோவின் உண்மையை உணர்ந்த நாயகன் அவன் காலை நோக்குவதும், அது வெறுங்கதை என்று தன்னையே மறுப்பதும் இவ்வெண்ணத்தின் பயனே.

ஆங்கிலத்தின் பிளவுக்குளம்பு தமிழிலக்கணம் கூறும் சினையாகுபெயரின் பாற்படும். வெற்றிலை நட்டான் என்னுமிடத்து இலை கொடியைக் குறிப்பதுபோலக் குளம்பு ஆட்டைக் குறித்தது. ஆகுபெயர் நெடுங்காலம் வழங்கியபின் முதல் மறைந்து சினையே பொருளாக எஞ்சுவதுண்டு. ஆடு மறந்துபோய்க் குளம்பு நின்றது. நின்ற குளம்பை விளக்க வந்தோர் அக்குளம்புடைய விலங்குகள் அனைத்தையும் பழியில் சேர்த்தனர். மேலே கூறிய பொதுக்கூற்றின் பிறப்பிடம் இதுவே. தமிழில் மொழிபெயர்ப்போர் இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பயனற்றது. விரிகுளம்பைக் கண்டால் தமிழர்க்கு மாடே நினைவுக்கு வரும். சாயம் வெளுத்தது என்று நரிக்கதையிலிருந்து வந்த வழக்கு அவ்விடத்தைத் தானே நிரப்பும்.

பான் கொள்கைக்கு இருபதாம் நூற்றாண்டில் பெருவழக்குத் தேடித்தந்தவர் மார்கரெட் மர்ரே. சூனிய விசாரணைகளில் கூறப்பட்ட ஆட்டுருவச் சாத்தான், கிறித்தவத்துக்கு முற்பட்ட கொம்புடைத் தெய்வத்தின் வேடம் பூண்ட மனிதனே என 1921இல் அவர் வாதிட்டார். 1929இல் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் அவர் எழுதிய கட்டுரை பல பதிற்றாண்டுகள் அதில் நீடித்தது. நார்மன் கோன் 1975இல் மர்ரேயின் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டு, நடக்கவியலாத செய்திகளை அவர் விட்டுவிட்டு நடக்கத்தக்கவற்றை மட்டும் எடுத்துக்கொண்டதைக் காட்டினார். கேட்போர் விரும்பியதைச் சொல்லவைக்கும் விசாரணையின் ஏட்டை இனவரைவியல் ஆவணமாகப் படித்தமையே மர்ரேயின் அடிப்படைக் குறை.

ஆட்டின் புல்வெளி

அவ்விசாரணைகளில் சொல் செய்த வேலைக்குப் பாஸ்கு நாட்டு வரலாறு சான்று. சூனியக்காரர் கூட்டத்துக்கு இசுப்பானிய மொழியில் வழங்கும் சொல் 'அக்கெலாரே'. பாஸ்கு மொழியில் 'அக்கெர்' வெள்ளாட்டுக்கடா, 'லார்ரே' புல்வெளி. கடா தலைமைவகிக்கும் புல்வெளி என்று பொருள்கொண்டு, பழைய பாஸ்கு வழிபாட்டுக்கு இதனையே ஆதாரமாகக் காட்டியோர் பலர். ஆனால் 1609ஆம் ஆண்டளவில் விசாரணை அதிகாரிகளின் எழுத்துகளில்தான் இச்சொல் இப்பொருளில் தோன்றுகிறது என்பதைக் குஸ்தாவ் ஹென்னிங்சன் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். மிக்கேல் அசுர்மெந்தி இதன் முற்பகுதி 'அல்கா' என்னும் புல்வகையின் பெயராக இருக்கலாம் எனக் கருதினார். இதனை ஏற்காவிடினும், கடாவைப் பற்றிய வாக்குமூலங்கள் எந்த மொழியில் கேட்கப்பட்டு எந்த மொழியில் எழுதப்பட்டன என்னும் கேள்வி நிற்கிறது. பாஸ்கு மட்டுமே அறிந்த ஆயர்களும் உழவர்களும் மொழிபெயர்ப்பாளர் வழியே பேசினர். ஏடு இசுப்பானியத்தில் எழுந்தது.

1610 நவம்பரில் லோக்ரோஞோ நகரில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். சிறையிலேயே இறந்துபோன ஐவரின் உருவங்கள் எரிக்கப்பட்டன. அத்தீர்ப்பாயத்தின் மூன்று நடுவருள் இளையவரான அலோன்சோ தெ சலசார் மறு ஆண்டு அருளாணையோடு ஊர் ஊராகச் சென்று 1,802 பேரிடம் கேட்டறிந்தார். அவர்களுள் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். கூட்டம் கூடியதாகச் சொல்லப்பட்ட இடங்களை அவர்களையே தனித்தனியே காட்டச்சொல்லி ஒப்பிட்டார். களிம்பு எனப்பட்டவற்றை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதிக்கச் செய்தார். சான்று எதுவும் தேறவில்லை. இது பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டோரும் இல்லை என்பது அவர் மேலிடத்துக்கு அனுப்பிய முடிவின் சாரம். 1614இல் மேலிடம் அவருடைய நெறிமுறைகளை ஏற்றது.

சொல் மட்டும் நின்றது. 1798இல் கோயா தீட்டிய ஓவியத்தில் நிலவொளியில் பெண்கள் சூழ்ந்திருக்க நடுவே கொம்பில் இலைமாலை சூடிய பெருங்கடா அமர்ந்திருக்கிறது. ஓவியத்தின் பெயர் 'அக்கெலாரே'.